'படிச்ச ஆள்' என்றால் யார்?

போன மாதம் இங்கே எர்லாங்கனில் ஒரு பிறந்தநாள் விழா. என் மாமாவின் மகனுக்குப் பதினாறு வயது, பத்தாம் வகுப்பு முடிக்கிறான். மெகட்ரோனிக் தொழிலுக்கு அவுஸ்பில்டுங் இடம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னான். பக்கத்தில் இருந்த மாமி ஒருவர் அவனுடைய அம்மாவிடம் கேட்டார்: "அப்ப பிள்ளை படிக்கேல்லையோ?" பிறகு என்னைக் காட்டி, "அக்காவைப் பார், மாஸ்டர்ஸ் முடிச்ச படிச்ச ஆள்" என்றார்.

அவன் முகம் வாடிப்போனது. நான் கேக் தட்டைப் பார்த்தபடி பேசாமல் இருந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இன்று உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். நாங்கள் தமிழில் 'படித்தவர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதை ஜெர்மன் மொழி பிரித்து வைத்திருக்கிறது. பல்கலைக்கழகம் போனவர் 'ஷ்டுடீர்ட்'. ஒரு தொழிலை முறையாகப் பழகிச் சோதனை எழுதியவர் 'கெலெர்ன்ட்', அதாவது கற்றவர். பரந்த அறிவும் பண்பும் உள்ளவர் 'கெபில்டெட்'. இது எதற்கும் கடதாசி இல்லாத தொழிலாளிக்கும் ஒரு சொல் உண்டு: 'உன்கெலெர்ன்ட்'. நேராகச் சொன்னால், கற்காதவர்.

என் அப்பா அந்தக் கடைசிச் சொல்லுக்குள்தான் முப்பது வருடம் வேலை செய்தார். போரால் ஏ.எல். சோதனை எழுதாமல் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர். உணவகச் சமையலறையில் வேலை முடிந்து இரவு வந்து, எனக்கு ஒன்பதாம் வகுப்பு வரை கணக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான். அப்படியென்றால் அவர் கற்றவரா, கற்காதவரா?

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரிலேயே ஒரு பெரிய கதை இருக்கிறது. எம்மி நோய்தர் 1882இல் எர்லாங்கனில் பிறந்தார். அப்பா மாக்ஸ் நோய்தர் இங்கே பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். 1900இல் எம்மி அதே பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆனால் பவேரியாவில் அப்போது பெண்கள் மாணவராகப் பதிய முடியாது. ஒவ்வொரு பேராசிரியரிடமும் அனுமதி கேட்டு, வகுப்பில் இருந்து கேட்கலாம், அவ்வளவுதான். அவருக்குக் கிடைத்த பெயர் 'ஹோரெரின்'. கேட்பவர் என்று பொருள்.

1903இல் பவேரியா சட்டத்தை மாற்றியது. அடுத்த ஆண்டு எம்மி எர்லாங்கனில் முழு மாணவியாகப் பதிந்தார். 1907இல் முனைவர் பட்டம். அதே ஆள், அதே ஊர், அதே கணிதம். மாறியது பதிவேட்டில் இருந்த சொல் மட்டும்தான்.

பட்டம் கிடைத்த பிறகும் 1915 வரை எர்லாங்கனில் சம்பளம் இல்லாமலே வேலை செய்தார். பிறகு கணிதமேதை ஹில்பர்ட்டும் கிளைனும் அவரைக் கோட்டிங்கனுக்கு அழைத்தார்கள். அங்கேயும் பெண் என்பதால் விரிவுரையாளர் தகுதி மறுக்கப்பட்டது. அவருடைய வகுப்புகள் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்டன. 1918இல், அந்தத் தகுதி கையில் இல்லாமலே, இன்று நோய்தர் தேற்றம் என்று சொல்லப்படுவதை வெளியிட்டார். இயற்கையின் விதி இன்றும் நாளையும் ஒன்றாக இருப்பதால்தான் ஆற்றல் அழியாமல் இருக்கிறது என்று அது காட்டுகிறது. பௌதிகம் படிக்கிற எல்லாரும் ஒருநாள் அதைச் சந்திப்பீர்கள். அடுத்த ஆண்டு, 1919இல்தான், விரிவுரையாளர் தகுதி வந்தது. 1933இல் நாசி அரசு, யூதர் என்பதால் அவரை வேலையிலிருந்து நீக்கியது. அமெரிக்கா போய், 1935இல் அங்கேயே இறந்தார். இன்று எர்லாங்கனில் ஒரு கிம்னாசியத்துக்கு அவர் பெயர்.

'கேட்பவர்' என்பது இங்கே குறைந்த தகுதியின் பெயராக இருந்தது. தமிழில் நிலைமை வேறு. திருக்குறளில் 'கல்வி', 'கல்லாமை' என்ற அதிகாரங்களுக்கு அடுத்ததாக வருவது 'கேள்வி'. இது வினா அல்ல, கேட்டு அறிவது. அதை ஒரு செல்வம் என்கிறார் வள்ளுவர். நூல்களைக் கற்காதவரும் கேட்டு அறியலாம் என்று கதவைத் திறந்தும் வைக்கிறார்.

அப்படியிருக்க நாங்கள் எப்போது பட்டத்தைப் பெயரோடு ஒட்டிக்கொண்டோம்? சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்தவர்கள். ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை, மற்றவர் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. 'பி.ஏ.' என்ற இரண்டு எழுத்து அப்போது புதுசு, பெருமையானதும்கூட. அதே காலத்தில் நல்லூரில் ஆறுமுக நாவலர் இருந்தார். அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. 'நாவலர்' என்ற பட்டம் 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் கொடுத்தது.

இனித்தான் எனக்குப் பிடித்த இடம். 1868இல் தாமோதரம்பிள்ளை தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு பதிப்பித்து வெளியிட்டார். அதைப் பரிசோதித்துக் கொடுத்தவர் நாவலர். பி.ஏ. முடித்தவர், பி.ஏ. இல்லாதவரிடம் பிழை பார்க்கக் கொடுத்தார். யார் படித்தவர் என்ற சண்டை அங்கே இல்லை, யாருக்கு அது தெரியும் என்பதுதான் முக்கியமாக இருந்தது.

பட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மாஸ்டர்ஸ் எனக்கு வேலை தந்தது. எம்மி நோய்தரும் அந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தார், ஏனென்றால் சொல் இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. ஆனால் ஒரு சொல், யார் எங்களைப் பதிவேட்டில் எழுதினார்கள் என்பதைத்தான் காட்டும். எங்களுக்கு என்ன தெரியும் என்பதை அது முழுதாகக் காட்டாது.

மச்சானுடைய அவுஸ்பில்டுங் மூன்றரை வருடம். நிறுவனத்தில் வேலை, தொழிற்பள்ளியில் பாடம், முடிவில் சோதனை. அதற்குப் பிறகு மைஸ்டர் செய்தால், ஜெர்மனியின் தகைமைச் சட்டகத்தில் அது பச்சிலர் பட்டத்தோடு ஒரே படியில், ஆறாம் படியில், இருக்கிறது. இதை அவனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "எனக்குத் தெரியும் அக்கா, மாமிக்குச் சொல்லுங்கோ" என்றான்.

சரிதான். அடுத்த விழாவில் கேக் தட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டேன். "ஓம் மாமி, அவன் படிக்கிறான்" என்று சொல்லுவேன். அப்பாவைப் பற்றி யாராவது கேட்டாலும், அவர் படித்தவர் என்றுதான் சொல்லப்போகிறேன்.