குதிரைத்திறன் என்கிற வாடகைக் கணக்கு

தாண்டிக்குடி மலைச்சாலையில் காப்பியும் மிளகும் வாழைத்தாரும் ஏற்றி ஓடுகிற பிக்கப் வண்டிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு சொற்கள் தவறாமல் வந்துவிடும்: ஒன்று எச்.பி., மற்றது இழுவை. "எச்.பி. எல்லாம் இருக்கு, வளைவுல இழுவதான் பத்தல" என்பது நான் அடிக்கடி கேட்ட வாக்கியம். விற்பனைத்தாளில் எச்.பி. பெரிய எழுத்தில் இருக்கும். இழுவையோ முறுக்குவிசை என்ற பெயரில் கீழே ஒரு வரியில் கிடக்கும். இந்த மேல்கீழ் எப்படி உண்டானது? அளவைகளுக்கும் வரலாறு உண்டு. யார் யாரிடம் பணம் வாங்கினார்கள் என்பதும் அந்த வரலாற்றில் அடக்கம்.

குதிரைத்திறன் இயற்கை தந்த அலகல்ல. 1780களில் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எந்திரத்தை ஆலைகளுக்குக் கொடுத்தபோது காப்புரிமைக் கட்டணத்தை எப்படி வாங்குவது என்ற சிக்கல் எழுந்தது. சுரங்கத்தில் நீரிறைக்கும் எந்திரம் என்றால் பழைய எந்திரத்தோடு ஒப்பிட்டு, மிச்சமான நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு கேட்கலாம். ஆலையில் ஒப்பிடக் கிடைத்ததோ குதிரைதான். ஒரு குதிரை நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை செய்யும் என்று வைத்துக்கொண்டு, எந்திரம் எத்தனை குதிரைகளை லாயத்துக்கு அனுப்பியதோ அத்தனைக்கும் ஆண்டுக் கட்டணம் விதித்தார்கள். லண்டனில் குதிரைக்கு 6 பவுன், வெளியூரில் 5. நாள் முழுக்க அந்த வேகத்தில் உழைக்கும் குதிரை அபூர்வம். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. வேண்டியிருந்தது வசூலுக்கு ஒரு கணக்கு.

இந்தக் கணக்கு நமக்கும் அந்நியமல்ல. 1970களின் தொடக்கத்தில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். 1984இல் பம்புசெட்டுக்கு மீட்டர் கணக்கு போய், மோட்டாரின் ஒரு எச்.பி.க்கு ஆண்டுக்கு இவ்வளவு என்ற முறை வந்தது. 1990இல் கட்டணமே போயிற்று. இடைப்பட்ட காலத்தில், தகட்டில் பொறித்த எச்.பி. ஒன்று, கிணற்றில் ஓடிய எச்.பி. வேறு என்பது கிராமத்தில் ரகசியமில்லை.

அப்படியானால் முறுக்குவிசை எது? செக்கை நினைத்துக்கொள்வோம். மாடு இழுக்கும் விசையை, உரலின் நடுவிலிருந்து அது நடக்கும் தொலைவால் பெருக்கினால் முறுக்குவிசை. நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதையும் சேர்த்தால் திறன். பிரெஞ்சுப் பொறியாளர் புரோனி 1821இல் செய்தது ஏறக்குறைய செக்கைத் தலைகீழாகப் போட்ட வேலை. சுழலும் தண்டைக் கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, அவற்றிலிருந்து நீளும் கையின் நுனியில் எடையைத் தொங்கவிட்டார். கை ஆடாமல் நிற்கும் எடையே அளவு. 'பிரேக் எச்.பி.' என்ற பெயர் இப்படி வந்ததுதான். ஆக அந்தக் கருவி நேராக அளந்தது முறுக்குவிசையை. குதிரைத்திறன், சுழற்சியால் பெருக்கிப் பெற்ற விடை. விடை மேலே போய் உட்கார்ந்துகொண்டது.

மலை இந்த விடையைக் கலைத்துப் போடும். தாண்டிக்குடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் எரிவதும் குறையும். ஸ்விஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் காப்புரிமை பெற்ற டர்போ, வீணாகும் புகையைக் கொண்டே விசிறி சுற்றிக் காற்றைத் திணிக்கிறது. 1918இல் சான்ஃபோர்டு மாஸ், அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்துக்கு, 14,000 அடி உயரத்துக்கு, ஒரு விமான எஞ்சினை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் அளந்தார். டர்போ இல்லாதபோது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்த திறன், டர்போவோடு தரைமட்ட அளவுக்கே திரும்பியது. தேவை போர் விமானத்துக்கு. மலை வெறும் சோதனைச்சாலை.

நம் மலைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமையோடு 3 டன் உள்ள வண்டி, அடிவாரத்திலிருந்து 1,000 மீட்டர் உயரத்தை ஒரு மணி நேரத்தில் ஏற, தூக்குவதற்கு மட்டும் சுமார் 11 எச்.பி. போதும். உராய்வையும் விரயத்தையும் சேர்த்தாலும் 70, 75 எச்.பி. வண்டிக்கு இது பெரிதல்ல. ஆனால் கொண்டை ஊசி வளைவில் வேகம் விழுந்து, சுழற்சி குறைந்து, புகையும் குறையும்போது டர்போ விசிறி சுணங்குகிறது. அந்த நேரத்தில் வேண்டியது முறுக்குவிசை. பட்டறையில் 'ட்யூன்' செய்பவர்கள் முன்பு டீசல் பம்பின் திருகைத் திருப்பினார்கள், இன்று கணினிப் பெட்டியில் கணக்கை மாற்றுகிறார்கள். உச்ச எச்.பி. கூடும். அது கூடுவதோ எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது. வளைவில் கரும்புகைதான் மிச்சம். கிளட்ச் தேயும். இறக்கத்தில் பிரேக் பழைய பிரேக்தான். டைனோ தாளில் வந்த எண்ணும், காற்றை ஒரு பொது நிலைக்குச் சரிக்கட்டிச் சொன்ன எண். அதே கருவியில் ட்யூனிங்குக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால் மட்டுமே அதற்குப் பொருள்.

இந்தக் கணக்கில் வராத ஒரு உடம்பு இருக்கிறது. சாலை வருமுன் மலைக்குப் பொருள்களைத் தலையில் சுமந்தவர்கள், கொடைக்கானலுக்கு வெள்ளைக்காரர்களை டோலியில் தூக்கியவர்கள். 25 கிலோ மூட்டையோடு 4 மணி நேரத்தில் 1,000 மீட்டர் ஏறும் ஒருவரின் வேலையை மூட்டையை மட்டும் வைத்து அளந்தால் 17 வாட், ஒரு குதிரைத்திறனில் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. அவர் தன் 50 கிலோ உடம்பையும் ஏற்றியதைச் சேர்த்தால் இது மூன்று மடங்காகும். வண்டி தன் இரும்பை இழுப்பது அதன் எச்.பி.யில் சேர்கிறது, அந்த எச்.பி.க்கு விலையும் உண்டு. சுமப்பவருக்கோ மூட்டைக்கு மட்டும்தான் கூலி.

அடிவாரத்துப் பட்டிவீரன்பட்டிக்காரரான டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டின் தலைவர். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பஸ்களின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டவர். வண்டி எவ்வளவு இழுக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், அது யாரை ஏற்றும் என்று கேட்ட உத்தரவு அது. எச்.பி.யைக் கூட்டுவது பற்றி மலையில் யார் பேசினாலும், கூடுகிற ஒவ்வொரு எண்ணும் யாருடைய வரவு, யாருடைய செலவு என்று கேட்டுப் பழக வேண்டியிருக்கிறது.