கான்டெசா: புது இன்ஜின் ஏறும் பழைய கார்

கான்டெசா என்பது இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் 1984 முதல் 2002 வரை தயாரித்த நான்கு கதவு செடான் கார். நீண்ட பானெட், தாழ்ந்த கூரை, நடுவில் ஒடுங்கிப் பின்சக்கரத்துக்கு மேல் புடைக்கும் பக்கவாட்டு, பின்சக்கர இயக்கம் ஆகியவற்றால் கார் ரசிகர்கள் இதை ‘இந்தியாவின் மசில் கார்’ என்பார்கள். தயாரிப்பு நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பட்டறைகளில் இதன் கதை முடியவில்லை. வெளித்தோற்றத்தைப் பழையபடியே மீட்டு, உள்ளே இன்றைய இன்ஜின், பிரேக், மின்னமைப்பு ஆகியவற்றைப் பொருத்தும் ‘ரெஸ்டோமாட்’ வேலைக்கு இந்தியாவில் கான்டெசாவைப் போலப் பொருந்தி வருகிற கார்கள் குறைவு. காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது: பெரிய இன்ஜினுக்காக வரையப்பட்ட உடல், சிறிய இன்ஜினோடு விற்கப்பட்டது.

அமெரிக்க மூலம்

மசில் கார் என்ற வகை அமெரிக்காவில் 1964-இல் வந்த பான்டியாக் ஜிடிஓ காரோடு நிலைபெற்றது. நடுத்தர அளவுள்ள, அதிக விலையில்லாத ஒரு காரில் 6.4 லிட்டர் வி8 இன்ஜினை ஏற்றி 325 குதிரைத்திறன் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் வந்தது. டாட்ஜ் சார்ஜர், பிளைமவுத் ரோடு ரன்னர் முதலியவை தொடர்ந்தன. 1970-இல் நிறைவேறிய காற்றுத் தூய்மைச் சட்டம், ஏறிக்கொண்டே போன காப்பீட்டுக் கட்டணம், 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய் நெருக்கடி ஆகிய மூன்றும் சேர்ந்து அந்தக் காலத்தை முடித்துவைத்தன.

பான்டியாக்கின் உரிமையாளரான ஜெனரல் மோட்டார்ஸ் 1925 முதலே இங்கிலாந்தின் வாக்ஸால் நிறுவனத்துக்கும் சொந்தக்காரராக இருந்தது. 1972 மார்ச்சில் வாக்ஸால் வெளியிட்ட விக்டர் எஃப்இ என்ற செடானில் டெட்ராய்ட்டின் கைவண்ணம் வெளிப்படையாகத் தெரிந்தது. அதில் 1759 சிசி, 2279 சிசி என இரண்டு நான்கு சிலிண்டர் இன்ஜின்கள் இருந்தன. அதே உடலில் வென்டோரா என்ற பெயரில் 3294 சிசி ஆறு சிலிண்டர் இன்ஜினும் விற்பனைக்கு வந்தது. 1974-இல் ஒரு வென்டோராவில் ஐந்து லிட்டர் ரெப்கோ ஹோல்டன் வி8 இன்ஜினை ஏற்றி ‘பிக் பெர்த்தா’ என்ற பந்தயக் காரை உருவாக்கினார்கள். ஜெர்ரி மார்ஷல் அதை ஓட்டினார். சில பந்தயங்களிலேயே சில்வர்ஸ்டோன் களத்தில் மோதி அது சிதைந்தது. ஆனாலும் அந்தப் பானெட்டின் கீழே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைக் காட்டிவிட்டுத்தான் போனது. விக்டர், 1976-இல் விஎக்ஸ் என்று பெயர் மாறி 1978-இல் நின்றது. அதன் வார்ப்புகளையும் தொழில்நுட்பத்தையும் வாங்கியது இந்துஸ்தான் மோட்டார்ஸ்.

உத்தர்பாராவில்

பி. எம். பிர்லா 1942-இல் தொடங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ், அம்பாசடரை விற்றே பெயர் பெற்ற நிறுவனம். அம்பாசடரைவிட ஒரு படி மேலே உட்கார விரும்பியவர்களுக்காக வந்தது கான்டெசா. உடல் புதிது, இன்ஜின் பழையது. அம்பாசடரில் ஓடிக்கொண்டிருந்த 1489 சிசி பிஎம்சி பெட்ரோல் இன்ஜினும் நான்கு கியர் பெட்டியுமே இதிலும் போயின. கிடைத்தது சுமார் 50 குதிரைத்திறன். இங்கிலாந்தில் இதே உடலுக்குக் கொடுத்த மிகச் சிறிய இன்ஜின்கூட இதைவிடப் பெரிது. இறக்குமதிக் கட்டுப்பாடும் உரிம முறையும் இருந்த காலத்தில், கையில் உள்ள இன்ஜினைப் போட்டு விற்பதைத் தவிர நிறுவனத்துக்கு எளிய வழி இருக்கவில்லை. ஆனாலும் ஏசியைப் போட்டுக்கொண்டு மேடு ஏறும்போது மூச்சு முட்டியதை அந்தக் கார்களை ஓட்டிய டிரைவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எண்பதுகளின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. ஜப்பானின் இசுசு நிறுவனத்தோடு ஒப்பந்தமாகி, மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இன்ஜின் ஆலை அமைத்தது. 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் கொண்ட கான்டெசா கிளாசிக் வந்தது. சுமார் 88 குதிரைத்திறன். அன்றைய இந்தியச் சாலையில் அது பெரிய எண். பிறகு இசுசுவின் 2 லிட்டர் டீசல் இன்ஜினும் சேர்ந்தது. இசுசுவிலும் ஜெனரல் மோட்டார்ஸ் 1971 முதல் பங்கு வைத்திருந்தது என்பதால், ஒரே குடும்பத்தின் உடலும் இன்ஜினும் ஹூக்ளிக் கரையில் ஒன்று சேர்ந்தன என்று சொல்லலாம். இன்றைய மறுகட்டமைப்பு வேலைகளின் முதல் பாடமே இந்த 1.8 தான். உடலை மாற்றாமல் இன்ஜினையும் கியர் பெட்டியையும் மட்டும் மாற்றினால் கார் எவ்வளவு மாறும் என்பதை ஆலையே செய்து காட்டியது.

சென்னையில் ஒரு தோல்வி

பெரிய உடலில் பழைய சிறிய இன்ஜினை வைக்கும் இதே பிழையைத் தமிழ்நாட்டில் செய்த நிறுவனம் பிழைக்கவில்லை. சென்னையை அடுத்த வண்டலூர் பக்கம் ஆலை வைத்து ஹெரால்டு, கெசல் கார்களைத் தயாரித்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ், 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரை வெளியிட்டது. அதன் உடல், இங்கிலாந்தில் 3.5 லிட்டர் வி8 இன்ஜினோடு ஓடிய ரோவர் எஸ்டி1 காருடையது. சென்னையில் அதற்குள் போனது பழைய வான்கார்டு காலத்து 2 லிட்டர் இன்ஜின். விலை அதிகம், வேகம் குறைவு. சில ஆண்டுகளிலேயே கார் நின்றது, ஆலையும் எழுந்திருக்கவில்லை. கான்டெசா தப்பியதற்கு அழகு மட்டும் காரணமாக இருக்க முடியாது. இசுசு இன்ஜின் வந்திருக்காவிட்டால் அதற்கும் இதே கதிதான்.

தமிழ்நாட்டில் கான்டெசா ஒரு மதிப்பின் அடையாளமாக இருந்தது. ஆலை முதலாளிகள், கட்சிப் பிரமுகர்கள், சினிமாக்காரர்கள் வைத்திருந்த கார் அது. திரையில் வில்லன் இறங்குகிற காரும் பெரும்பாலும் அதுதான். முதலமைச்சராக இருந்த ஜெ. ஜெயலலிதா தேர்தல் வேட்புமனுவில் காட்டிய வாகனங்களிலும் 1990-ஆம் ஆண்டு கான்டெசா ஒன்று இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் எஸ்டீம், சியலோ, ஆஸ்ட்ரா, எஸ்கார்ட் என்று புதுக் கார்கள் வரிசையாக வந்தன. 1998-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸே திருவள்ளூர் ஆலையில் மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்கத் தொடங்கியது. கான்டெசா பெட்ரோல் அதிகம் குடித்தது, உதிரிபாகம் கிடைப்பது கஷ்டமானது. 2002-இல் தயாரிப்பு நின்றது. பல கார்கள் காயலான் கடைக்குப் போயின. பின்னால் வந்தவர்கள் தேடி அலைந்து வாங்கும் கதவு, பம்பர், விளக்குக் கூடு எல்லாம் அப்போது எடைக்கு எடை போனவைதான்.

மறுகட்டமைப்பு

காரை மாற்றியமைத்து ஓட்டும் பழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு கார்களின் இன்ஜினைச் செதுக்கிப் பந்தயம் விட்ட தலைமுறை ஒன்று உண்டு. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தப் பந்தயங்களை நடத்தியது. கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வைத்தே பந்தயக் கார் கட்டினார். லேத், வார்ப்படம், பம்ப் என்று வளர்ந்த அந்த நகரத்தின் கைத்திறன் இந்த வேலைக்கு நேராக உதவியது. இன்றைய ரெஸ்டோமாட் பட்டறைகள் நிற்பது இந்த அடித்தளத்தின் மேல்தான்.

வேலை தகரத்தில் தொடங்குகிறது. பெயின்ட்டைச் சுரண்டினால் கதவின் அடிப்பகுதி, டிக்கியின் தரை, முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள மடிப்பு ஆகிய இடங்களில் துரு தெரியும். பழைய டிங்கரிங் வேலையில் துருவின் மேல் விரற்கடை கனத்துக்குப் பட்டி பூசி மறைத்திருப்பார்கள். அதை முழுக்க எடுத்து, அரித்த தகரத்தை வெட்டி, புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். கான்டெசாவுக்குத் தனிச் சேஸ் கிடையாது, உடலே எலும்புக்கூடு. அரித்த உடலில் சக்தி கூடிய இன்ஜினை வைத்தால் உடல் முறுக்கிக்கொள்ளும். கதவு சரியாகச் சாத்தாமல் போவதுதான் அதன் முதல் அறிகுறி. பளபளப்பான பெயின்ட்டுக்கு முன்னால் இந்தத் தகர வேலைக்குப் பணம் ஒதுக்குகிறவரே காரை நெடுநாள் ஓட்டுவார்.

அடுத்தது இன்ஜின் தேர்வு. கான்டெசாவில் இன்ஜின் நீளவாட்டில் உட்கார்ந்து, கியர் பெட்டி அதன் பின்னால் நீண்டு, புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின் ஆக்ஸிலைச் சுழற்றுகிறது. இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் இன்ஜின் குறுக்குவாட்டில் அமர்ந்து முன்சக்கரத்தை ஓட்டுவது. அவை எவ்வளவு நல்லவையானாலும் இங்கே பொருந்துவது கடினம். குவாலிஸ், இன்னோவா, ஸ்கார்ப்பியோ போன்ற பின்சக்கர வண்டிகளின் அமைப்பே இதற்கு ஒத்துப்போகும். மவுன்டிங்கைப் புதிதாகச் செய்வது, ஷாஃப்ட்டை அளவுக்கு வெட்டி பேலன்ஸ் செய்வது, இன்ஜினை ஆளும் கணினிப் பெட்டிக்குப் புது வயரிங் இழுப்பது எல்லாம் இதோடு வருகிற வேலைகள். புது இன்ஜினின் திருகுவிசையைப் பழைய பின் ஆக்ஸில் தாங்குமா என்று பார்க்காமல் விட்டால் முதலில் உடைவது அதுதான்.

எல்லோரும் இன்ஜின் மாற்ற வேண்டியதில்லை. இசுசு 1.8 இன்ஜினை இறக்கி, போர் பார்த்து, பிஸ்டன், ரிங் மாற்றி, கார்புரேட்டருக்குப் பதில் மின்னணு எரிபொருள் ஊசி முறையைப் பொருத்துவது நிதானமான வழி. என் கருத்தில் கான்டெசாவுக்கு மிகப் பொருத்தமான மேம்பாடு இதுவே. காரின் குரல் மாறாது, காலைக் குளிரில் ஸ்டார்ட்டுக்குச் சோக் இழுக்க வேண்டியிராது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடு முழுவதும் நின்றதால், பழைய பிஎம்சி இன்ஜின் வைத்திருப்பவர்கள் வால்வு இருக்கைகளைக் கடினமான உலோகத்தில் மாற்ற வேண்டும். இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் தின்னும்.  பழைய காரின் பெட்ரோல் குழாயை அதற்கேற்ப மாற்றாவிட்டால் கசிவும் தீயும் உண்மையான ஆபத்து.

கல்வராயன் பாதை

மேம்பாட்டின் தரத்தை நேர்ச்சாலை சொல்லாது. உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி வழியாகச் சேலம் போகும் நெடுஞ்சாலையில் எந்தக் காரும் ஓடும். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும் பாதை வேறு. 2,000 முதல் 3,000 அடி வரை உயரும் கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. சாலை வசதி தாமதமாகவே வந்தது, மலைமக்களுக்கு நெடுங்காலம் ஜீப்தான் வண்டி. தாழ்ந்த வயிறும் நீண்ட மூக்கும் உள்ள கான்டெசாவுக்கு அப்படிப்பட்ட பாதை ஒரு கடுமையான தேர்வு.

ஏறும்போது சோதனை ரேடியேட்டருக்கு. வேகம் குறைவு, காற்று குறைவு, இன்ஜின் சுழற்சி அதிகம். இன்ஜினோடு சேர்ந்து சுழலும் பழைய விசிறி, வளைவில் வண்டி தவழும்போது போதாமல் போகும். வெப்பமானி முள் மேலே போகும், கார்புரேட்டருக்கு வரும் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி இன்ஜின் நின்றுவிடும். அலுமினிய ரேடியேட்டர், வெப்பம் பார்த்துத் தானே ஓடும் மின்விசிறி, அழுத்தத்தோடு பெட்ரோல் தள்ளும் பம்ப் ஆகிய மூன்றும் இந்தக் கோளாறைத் தீர்க்கின்றன. இவற்றின் விலை இன்ஜின் மாற்றும் செலவில் சிறு பங்குதான்.

இறங்கும்போது சோதனை பிரேக்குக்கு. பின்சக்கர டிரம்முக்குள் உருவாகும் சூடு வெளியேற வழியில்லாமல் லைனிங் வழுக்கத் தொடங்கும். டிரைவருக்குத் தெரிவதெல்லாம் மிதி கடினமாகவே இருக்கிறது, வண்டி நிற்கவில்லை என்பதுதான். கியரைக் குறைத்து இன்ஜினையே பிரேக்காகப் பயன்படுத்துவது பழைய டிரைவர்களின் பாடம். அது இன்றும் செல்லும். அதோடு நான்கு சக்கரத்துக்கும் காற்றோட்டமுள்ள டிஸ்க், பெரிய பூஸ்டர், நல்ல ரேடியல் டயர் என்று மாற்றினால் கார் மலைக்குத் தகுதியாகிறது. 50 குதிரைத்திறனுக்குப் போட்ட பிரேக்கோடு 150 குதிரைத்திறன் இன்ஜினை ஏற்றுவது, எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும், தவறான வேலை. பிரேக், குளிர்விப்பு, ஸ்டியரிங் இவற்றை முடித்துவிட்டு இன்ஜினுக்கு வரவேண்டும்.

சட்டம்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வண்டி மாறுபடும்படி திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. இன்ஜினை மாற்ற நினைப்பவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முன் அனுமதி பெற்று, புது இன்ஜின் எண்ணை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் எஃப்.சி.யும் காப்பீடும் சிக்கலாகும். 2022 ஏப்ரலில், 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது.

2021-இல் வந்த விதி, 50 ஆண்டு கடந்த வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்ய வழி வைத்தது. ஆனால் இன்ஜினிலும் உடலிலும் பெரிய மாற்றம் செய்யாத, மூல வடிவிலுள்ள வண்டிகளுக்கே அது பொருந்தும். முதல் கான்டெசாக்கள் 2034-இல் அந்த வயதை எட்டும். அப்போது 1984-ஆம் ஆண்டின் 50 குதிரைத்திறன் இன்ஜினைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கு அந்தப் பதிவு கிடைக்கும், அதைக் கழற்றி எறிந்தவருக்குக் கிடைக்காது. அதனால் இன்ஜின் மாற்றுகிறவர்கள் மூல இன்ஜினை எண்ணெய் பூசிச் சுற்றி வைப்பது நல்லது.

உத்தர்பாரா ஆலையில் 2014 மே மாதம் அம்பாசடர் தயாரிப்பும் நின்றது. 2017-இல் அம்பாசடர் பெயர் பிரான்சின் பெஜோ குழுமத்துக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. கான்டெசா என்ற பெயரை எஸ்ஜி கார்ப்பரேட் மொபிலிட்டி நிறுவனத்துக்கு மாற்றித்தர 2022 ஜூனில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஒப்பந்தம் செய்தது.