விஷத்தை மருந்தாக்கிய கைகள்



மழைக்காலம் வந்தால் நம் சோழவரம் ஏரிப் பக்கம் பாம்புப் பேச்சும் வந்துவிடும். அதனால் இந்த வரலாறு.

1890-களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட் நல்ல பாம்பின் விஷத்தைக் கொண்டு முறிமருந்து செய்தார். எல்லாப் பாம்புக்கும் அதுவே போதும் என்று நம்பினார். போதவில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன் விஷம் நரம்பைத் தாக்கும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ரத்தம் உறைவதைக் கெடுக்கும். இரைக்கேற்ப, கோடிக்கணக்கான ஆண்டுகளில் வந்த மாற்றம் இது. ஒரே இனப் பாம்பிலும் விஷம் ஊருக்கு ஊர் வேறுபடும். அதனால் மருந்து செய்ய அந்தந்தப் பாம்பின் விஷமே வேண்டும்.

அதை எடுத்துத் தருபவர்கள் இருளர்கள். 1970-களில் பாம்புத் தோல் வணிகம் தடைப்பட்டுப் பிழைப்பு போனது. 1978-ல் ராமுலஸ் விட்டேகரின் முயற்சியால் அவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் விஷம் எடுத்து, பாம்பை மீண்டும் காட்டில் விடுகிறார்கள். 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

என் வகுப்பில் இருளர் பிள்ளைகளைச் சிலர் கேலி செய்ததுண்டு. அதட்டினேனே தவிர, இதைச் சொல்லித்தரவில்லை. அந்தக் கடனை இன்று அடைக்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பாம்பு கடித்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.