குக்கீயும் டபிள்கிளிக்கும்: நீக்கப்பட்ட ஒரு வாக்கியத்தின் வரலாறு

2016ஆம் ஆண்டின் கோடைகாலத்தில் கூகிள் நிறுவனம் தனது அந்தரங்கக் கொள்கை ஆவணத்தில் இருந்து ஒரு வாக்கியத்தை நீக்கியது. டபிள்கிளிக் விளம்பரங்கள் வழியாகத் திரட்டப்படும் தகவல்களை, பாவனையாளரின் வெளிப்படையான சம்மதம் இன்றி, அவரை இன்னார் என்று அடையாளம் காட்டும் விபரங்களுடன் இணைப்பதில்லை என்பதே அந்த வாக்கியத்தின் சாராம்சம். அமெரிக்காவின் புரோபப்ளிக்கா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம் அதே வருடம் ஒக்டோபரில் இதை வெளிக்கொணர்ந்தது. அதற்குப் பிறகும் பெரிய ஆரவாரம் எதுவும் எழவில்லை. 16 வருடங்களுக்கு முன்னர் ஏறத்தாழ இதே காரியத்தைச் செய்ய முற்பட்ட வேறொரு நிறுவனம் பொதுமக்களின் சீற்றத்துக்கு முகங்கொடுக்க முடியாமல் பின்வாங்கவேண்டி வந்தது. இவ்விரு சம்பவங்களுக்கும் இடையில் நடந்தேறியவை, இணையத்தைத் தினமும் பயன்படுத்தும் எம்மவர்கள் அறிந்திருக்கவேண்டியவை என்று கருதுகிறேன்.

இணையம் ஞாபகசக்தி இல்லாத ஒரு சாதனமாகவே வடிவமைக்கப்பட்டது. ஒரு பக்கத்தைக் கேட்டால் மறுமுனையில் இருக்கும் கணினி அதை அனுப்பிவைக்கும். அடுத்த நொடியில் அதே ஆள் இன்னொரு பக்கத்தைக் கேட்டால், அந்தக் கணினியைப் பொறுத்தவரை அவர் புதியவர். வாசிப்பதற்கு இது போதும், வியாபாரத்துக்குப் போதாது. கூடையில் ஒரு பொருளைப் போட்டுவிட்டு அடுத்த பொருளை எடுக்கத் திரும்பினால், முதல் பொருள் யாருடையது என்று கடைக்காரருக்கு மறந்துவிடும் நிலை அது.

1994 ஜூனில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் (அப்போது அதற்கு வேறு பெயர்) இளம் பொறியியலாளர் லூ மொன்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டார். அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளரான எம்.சி.ஐ. என்ற தொலைத்தொடர்புக் கம்பனி, முடிவுறாத கொள்வனவுகளின் விபரங்களைத் தனது கணினிகளில் வைத்திருக்க விரும்பவில்லை. ஆகவே, அந்த விபரத்தை ஒரு சிறு குறிப்பாக எழுதி வாங்குபவரின் கணினியிலேயே விட்டுவைப்பது, அவர் திரும்பி வரும்போது அந்தக் குறிப்பும் அவருடன் வருவது என்று ஏற்பாடு செய்யப்பட்டது. எமது அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கிளினிக் கொப்பியை நோயாளியே வைத்திருந்து ஒவ்வொரு தடவையும் கொண்டுவருவதைப் போன்றது இது. கணினித்துறையில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த 'மஜிக் குக்கீ' என்ற சொல்லில் இருந்து அதற்குக் குக்கீ என்ற பெயர் வந்தது.

ஒவ்வொரு உலாவிக்கும் ஒரு நிரந்தர அடையாள இலக்கத்தைக் கொடுத்துவிடலாம் என்ற யோசனையும் அப்போது இருந்தது. அப்படிச் செய்தால் எல்லாத் தளங்களும் அந்த இலக்கத்தை வைத்து ஒருவரைப் பின்தொடரக்கூடும் என்பதால் அது கைவிடப்பட்டதாக மொன்டுல்லி பின்னாளில் எழுதினார். அதனால், ஒரு தளம் வைத்த குக்கீயை அதே தளம் மாத்திரமே வாசிக்கலாம் என்று விதி வகுக்கப்பட்டது. அந்தரங்கத்தைக் காப்பதற்கென்றே வகுக்கப்பட்ட அந்த விதியிலும் ஓர் ஓட்டை இருந்தது.

ஒரு பக்கத்தில் காணப்படும் அனைத்தும் ஒரே இடத்தில் இருந்து வரவேண்டும் என்பதில்லை. கட்டுரை ஒரு கணினியில் இருந்தும் அதன் ஓரத்தில் உள்ள விளம்பரப்படம் வேறொரு கணினியில் இருந்தும் வரலாம். படத்தை அனுப்பும் கணினியும் தனது குக்கீயை வைக்கலாம். ஒரே விளம்பர நிறுவனம் ஆயிரம் தளங்களில் படம் போடுமானால், அந்த ஆயிரம் தளங்களிலும் தனது குக்கீயை அது வாசிக்கும். காலையில் நீரிழிவைப் பற்றி வாசித்தவரும், மத்தியானம் வங்கிக்கடன் தேடியவரும், இரவில் சோதிடம் பார்த்தவரும் ஒருவரே என்பது அதற்குத் தெரிந்துவிடும். நெட்ஸ்கேப் உலாவியின் முதலாவது பரீட்சார்த்தப் பதிப்பு 1994 ஒக்டோபர் 13இல் வெளியானது. இரண்டே வாரங்களில், ஒக்டோபர் 27இல், ஹொட்வயர்ட் என்ற இணையச் சஞ்சிகையில் தொலைபேசிக் கம்பனியான ஏ.ரி. அன்ட் ரி.யின் பட்டை விளம்பரம் தோன்றியது.

நான் பத்திரிகைத்துறைக்கு வந்த காலத்தில் விளம்பரம் என்பது இட அளவுக் கணக்கில் விற்கப்பட்ட ஒன்று. மரண அறிவித்தலுக்குப் பணம் கட்டியவருக்கு அதை எத்தனை பேர் வாசித்தார்கள் என்பது செத்தவீட்டுக்கு வந்த சனத்தைப் பார்த்தால்தான் தெரியும். பத்திரிகை வாசகரை வாசிப்பதில்லை. இணைய விளம்பரம் தலைகீழாக்கியது இந்த உறவைத்தான்.

குக்கீ என்று ஒன்று தங்கள் கணினிகளில் குடியிருப்பதைப் பொதுமக்கள் அறியவந்தது 1996 பெப்ரவரியில் பைனான்சியல் ரைம்ஸ் பத்திரிகையில் வெளியான ஒரு கட்டுரையின் பின்னர்தான். இணையத்தின் தொழில்நுட்ப நியமங்களை வகுக்கும் பொறியியலாளர் குழு 1997 பெப்ரவரியில் வெளியிட்ட ஆவணம், பிற தளங்கள் வைக்கும் குக்கீகளை உலாவிகள் இயல்பாக அனுமதிக்கக்கூடாது என்று கூறியது. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசொஃப்ட்டும் அதைப் பின்பற்றவில்லை. குக்கீயைத் தடுத்தால் விளம்பரதாரர்கள் மக்கள் கண்ணுக்குத் தெரியாத வேறு வழியைக் கண்டுபிடிப்பார்கள், குக்கீயையாவது அழிக்க முடியும் என்பது மொன்டுல்லியின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், அழிக்கலாம் என்று அறிந்திருந்தவர்கள் எத்தனை பேர்?

அந்தரங்கத்துக்கான உரிமை என்ற சட்டக் கருத்து இணையத்தை விடவும் நூறு வயது மூத்தது. சாமுவேல் வாரன், லூயிஸ் பிரண்டைஸ் என்ற இரு சட்டத்தரணிகள் 1890இல் ஹார்வார்ட் சட்ட சஞ்சிகையில் அதைப் பற்றி எழுதியபோது அவர்களின் முறைப்பாடு உடனடிப் புகைப்படக் கருவிக்கும் பத்திரிகைகளுக்கும் எதிரானதாகவே இருந்தது. எமது தொழிலும் இந்த விடயத்தில் சுத்தமான கைகளுடன் வரவில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

நியூயோர்க்கைத் தளமாகக் கொண்டு வளர்ந்த டபிள்கிளிக் 1990களின் இறுதியில் இணைய விளம்பரத்துறையின் முன்னணி நிறுவனமாக விளங்கியது. தாங்கள் பின்தொடர்வது இலக்கங்களையே, மனிதர்களை அல்ல என்று அது கூறிவந்தது. அந்த இலக்கத்துக்குப் பின்னால் இருப்பவரின் பெயரோ விலாசமோ தங்களுக்குத் தெரியாது என்பதே அதன் பாதுகாப்பு வாதமாக இருந்தது. ஆனால், 1999இல் அது அபகஸ் டைரக்ட் என்ற நிறுவனத்தை வாங்கியது. தபால்வழி விற்பனையில் பொருட்களை வாங்கிய கோடிக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்களின் பெயர், விலாசம், கொள்வனவு விபரம் ஆகியவை அபகஸிடம் இருந்தன. இரண்டையும் இணைத்தால் இலக்கத்துக்குப் பெயர் கிடைத்துவிடும். அதைச் செய்யவே டபிள்கிளிக் திட்டமிட்டது.

எதிர்ப்புக் கிளம்பியது. 2000 பெப்ரவரியில் அந்தரங்க உரிமை அமைப்பொன்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தது. ஆணைக்குழு விசாரணையை ஆரம்பித்தது, வழக்குகள் தொடரப்பட்டன, நிறுவனத்தின் பங்குகள் விழுந்தன. மார்ச் 2ஆம் திகதி டபிள்கிளிக்கின் தலைவர் கெவின் ஓ'கோனர், தான் தவறிழைத்துவிட்டதாகக் கூறித் திட்டத்தை நிறுத்திவைத்தார். அரசாங்கமும் தொழில்துறையும் இது தொடர்பில் நியமங்களை வகுக்கும் வரை இணைக்கமாட்டோம் என்பதே அவர் சொன்னது. அந்த 'வரை' என்ற சொல்லை அன்றைய வெற்றிக்களிப்பில் பலர் கவனத்தில் கொள்ளவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது.

டபிள்கிளிக் 2005இல் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறியது. 2007 ஏப்ரிலில் அதை 310 கோடி டொலருக்கு வாங்கப்போவதாகக் கூகிள் அறிவித்தது. வர்த்தக ஆணைக்குழு டிசம்பரில் நான்குக்கு ஒன்று என்ற வாக்குகளில் அதை அனுமதித்தது. எதிர்த்து வாக்களித்த ஒரே ஆணையாளர் பமெலா ஜோன்ஸ் ஹார்பர். மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதை அறிந்த நிறுவனமும் மக்கள் எங்கெல்லாம் போகிறார்கள் என்பதை அறிந்த நிறுவனமும் ஒன்றாகும்போது அந்தத் தரவுகளுக்கு என்ன நேரும் என்ற கேள்வியை அவர் தனது மாற்றுக் கருத்தில் எழுப்பினார். அந்தக் கேள்விக்குப் பதிலாக இருந்தது கூகிளின் கொள்கை ஆவணத்தில் இருந்த அந்த வாக்கியம். அதுதான் 2016இல் நீக்கப்பட்டது. புதிய கணக்கு ஆரம்பிப்பவர்களுக்கு இணைப்பு இயல்பாகவே செயற்பட்டது. பழைய பாவனையாளர்களிடம் சம்மதம் கேட்கப்பட்டது. வசதி என்ற மொழியில் அது கேட்கப்பட்டதால் பலர் 'சரி' என்பதை அழுத்திவிட்டு அப்பால் சென்றனர்.

2000இல் கொதித்தெழுந்த அதே சமூகம் 2016இல் ஏன் மௌனமாக இருந்தது? இடையில் மின்னஞ்சலும் வரைபடமும் தேடலும் காசின்றிக் கிடைத்துப் பழகிவிட்டன என்பது ஒரு காரணம். கண்காணிப்பு கண்ணுக்குத் தெரியாததாக இருந்தது என்பது அதைவிடப் பெரிய காரணம். யுத்த காலத்தில் கொழும்பில் தங்கியிருந்த வடக்கு, கிழக்குத் தமிழர்கள் பொலிஸில் பதிவு செய்யவேண்டியிருந்தது. பெயர், சொந்த ஊர், வந்த நோக்கம் என்று எழுதப்பட்ட அந்தக் கொப்பியை நாம் கண்ணால் கண்டோம். கண்டதால் அஞ்சினோம், ஆத்திரப்பட்டோம். இந்தக் கொப்பியை எவரும் காண்பதில்லை. மூன்றாவது காரணமும் உண்டு. இதைப் பற்றிப் பெரிதாக எழுதியிருக்கவேண்டிய பத்திரிகைகளின் இணையத்தளங்களே அந்த விளம்பரங்களில் வாழ்ந்துகொண்டிருந்தன.

ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் குக்கீக்கு முன்சம்மதம் வேண்டும் என்று தனது பணிப்புரையைத் திருத்தியது. 2018 மே 25 முதல் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியையும் நடைமுறைப்படுத்தியது. புலம்பெயர்ந்து அங்கு வாழும் எமது உறவுகள் தினமும் காணும் 'ஏற்றுக்கொள்கிறேன்' பெட்டி இவற்றின் விளைவு. ஏற்பதற்கு ஓர் அழுத்தம், மறுப்பதற்குப் பல அழுத்தங்கள் என்று அதை வடிவமைத்தமைக்காகப் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு, 2022 ஜனவரியில் வெளியிட்ட தீர்மானத்தில், கூகிளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்தது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரவேண்டிய திகதி 2025 மார்ச்சில் ஒத்திவைக்கப்பட்டது.

அப்பிளின் சஃபாரியும் மொஸில்லாவின் ஃபயர்ஃபொக்ஸும் பிற தளங்களின் கண்காணிப்புக் குக்கீகளை இயல்பாகவே தடுக்கத் தொடங்கிவிட்டன. உலகில் மிக அதிகமானோர் பயன்படுத்தும் குரோம் உலாவியில் அவற்றை இரண்டு வருடங்களுக்குள் ஒழிப்பதாகக் கூகிள் 2020 ஜனவரியில் அறிவித்தது. பின்னர் பல தடவைகள் தவணை கேட்டது. 2024 ஜூலையில் திட்டத்தைக் கைவிட்டது. பாவனையாளரிடம் விருப்பத்தைக் கேட்கும் ஓர் அறிவித்தலைக் காட்டுவதாக அப்போது சொல்லப்பட்டது. 2025 ஏப்ரிலில் அதுவும் இல்லை என்றாகிவிட்டது. 1997இல் அந்தப் பொறியியலாளர்கள் இயல்பாகவே மூடியிருக்கவேண்டும் என்று சொன்ன கதவு குரோமில் இன்னமும் திறந்தே இருக்கிறது. மூட விரும்புபவர் அதன் அமைப்புகள் பகுதிக்குள் சென்று, அந்தரங்கமும் பாதுகாப்பும் என்ற தலைப்பைத் தேடிப் பிடித்து, தானே மூடிக்கொள்ளவேண்டும்.