வில்லின் கைப்பிடி: ஒரு தொழினுட்ப வரலாற்று நோக்கு

வில்லைப் பற்றிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அம்பு சென்ற தொலைவையும் அதனால் வென்ற போர்களையுமே பேசுவன. வில்லாளியின் கையினுள் மறைந்துவிடும் நடுப்பகுதி அத்துணைக் கவனம் பெறுவதில்லை. எனினும், வில் செய்தவன் மரத்தின் இயல்பை எவ்வாறு விளங்கிக்கொண்டான் என்பதற்கு அப்பகுதியே சிறந்த சான்றாகும். தொழினுட்பம் எளிமையினின்று செம்மையை நோக்கி ஒரே நேர்கோட்டிற் செல்வது என்னும் கருத்தையும் அது ஐயத்துக்குள்ளாக்குகின்றது.

கைப்பிடி அமைப்பில் இரு தேவைகள் முரண்படுகின்றன. அம்பு பிடியின் ஓரமாகச் செல்வதால், அகன்ற பிடி அதனை இலக்கினின்று விலக்க முற்படும். ஆதலாற் பிடி ஒடுங்கியிருத்தல் வேண்டும். ஆனால் ஒடுங்கிய மரம் எளிதில் வளையும். வளைவு அவ்விடத்திற் குவியின் வில் முறியும். இதற்குத் தீர்வு தடிப்பிலேயே உள்ளது. மரத்தின் விறைப்பு அகலத்துக்கு நேர்விகிதசமமாகவும், தடிப்பின் மூன்றாம் அடுக்குக்கு நேர்விகிதசமமாகவும் மாறும். அகலத்தைப் பாதியாகக் குறைத்தால், தடிப்பை ஏறத்தாழ 26 சதவீதம் கூட்டுவதால் இழந்த விறைப்பு மீளும். அதற்கும் மேலே கூட்டினால், புயங்கள் இரண்டும் வளையப் பிடி வளையாது நிற்கும்.

ஆங்கிலேயரின் நெடுவில் இவ்வழியைப் பின்பற்றவில்லை. 1545இல் மூழ்கி 1982இல் மேலே கொணரப்பட்ட 'மேரி ரோஸ்' கப்பலிற் கிடைத்த யூ மர விற்களிற் புயங்களினின்று ஒடுங்கிப் பிரிந்து நிற்கும் கைப்பிடி கிடையாது. அகத்தே வைரமும் புறத்தே வெளிறும் அமைந்த அக்கோல் நடுவிலே தடித்து, இரு நுனிகளையும் நோக்கிச் சிறுத்துச் செல்கின்றது.

1930களில் ஐக்கிய அமெரிக்காவில் ஹிக்மன், குளொப்ஸ்டெக் என்னும் பௌதிகவியலாளரும் நாக்லர் என்னும் பொறியியலாளரும் வில்லைக் கணிதமுறையில் ஆராய்ந்தனர். தட்டையான புயங்களும் வளையாத பிடியும் கொண்ட வில் அங்கு பரவலாயிற்று. வாளால் அறுத்த பலகையிற் பிடிக்கு வேண்டிய தடிப்பு இராது. ஆகவே, வில்லாளியை நோக்கும் அகமுகத்தின் நடுவே, ஏறத்தாழ 20 முதல் 25 சென்ரிமீற்றர் நீளமான வன்மரத் துண்டொன்று ஒட்டப்படும். இரு முகங்களும் ஒளி புகாவண்ணம் பொருந்தும்வரை இழைக்கப்படும்; பசையிட்டு இறுக்கி உலரவிட்டபின், அரத்தாற் பிடியின் வடிவம் எடுக்கப்படும். துண்டின் இரு முனைகளும் மெல்லெனச் சரிந்து புயத்தோடு கலத்தல் வேண்டும். சரிவு திடீரென முடிந்தால் வளைவு அங்கே குவியும். துண்டின் அடியிலுள்ள புயம் வளைந்தாலோ ஒட்டு விட்டுப்போகும். துண்டினைப் பொருத்துவதிலும் பார்க்க, வளைவு எங்கே தொடங்கவேண்டுமெனத் தீர்மானிப்பதே இவ்வேலையின் நுட்பமாகும்.

இவ்வமைப்பை நவீன விஞ்ஞானத்தின் தனிப்பேறெனக் கொள்வார் உளர். ஆயின் 1944இல் டென்மார்க்கின் ஹொல்மகோர் சதுப்புநிலத்தில், உலகப்போர்க் காலத்து எரிபொருள் தேவைக்காக முற்றா நிலக்கரி வெட்டியபோது, எல்ம் மரத்தாலான வில்லொன்று வெளிப்பட்டது. ஏறத்தாழ 1.5 மீற்றர் நீளமான அது கி.மு. 7000 அளவினது. அகன்ற புயங்கள், ஒடுங்கித் தடித்த கைப்பிடி, யாவும் ஒரே மரத்திற் கல்லாயுதங்களாற் செதுக்கப்பட்டவை. அமெரிக்காவிலேயே, மசச்சூசெற்ஸ் மாநிலத்துச் சட்பெரியில் 1660இற் பழங்குடியினன் ஒருவனிடமிருந்து கைப்பற்றப்பட்ட ஹிக்கரி மர வில்லும் ஒடுங்கிய பிடியும் அகன்ற புயங்களும் உடையது.

இதனால் ஆய்வாளரின் பணி சிறுமையுறாது. ஏன் என்பதை அவர்கள் விளக்கினர். எப்படி என்பதை எழுத்தறியாத கைவினைஞர் முன்னரே அறிந்திருந்தனர். முறிந்த வில் ஒவ்வொன்றும் அவர்களுக்கு ஒரு பாடமாக அமைந்திருத்தல் வேண்டும். எழுதப்பட்ட அறிவை மட்டுமே அறிவெனக் கொள்ளும் வரலாறு இத்தகையோரை மறந்துவிடுகின்றது. ஹொல்மகோர் வில்லைச் செதுக்கியவனின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவனது சிந்தனை அக்கைப்பிடியில் இன்றும் எஞ்சியுள்ளது.