கொடுவாய் எண்டால் கொடிய வாயா?

குறுந்தொகையின் 160ஆவது பாட்டில் ஒரு அன்றில் சோடி வருகிறது. ஆணின் தலை நெருப்புப்போலச் சிவப்பு. பெட்டைக்குப் புலவர் கொடுக்கிற அடைமொழி 'கொடுவாய்'. உயரமான கிளையில் இருந்துகொண்டு நடுச்சாமத்தில் அன்றில் கத்த, துணையைப் பிரிந்து இருக்கிறவர்கள் தவித்துப்போகிறார்கள். இண்டைக்கு இதைப் படிக்கிற ஒருவருக்குக் கொடுவாய் என்பது 'கொடிய வாய்' என்றுதான் காதில் விழும். பிரிந்தவர்களை வதைக்கிற குரல்தானே, கொடியதுதானே என்று அந்த அர்த்தம் பொருந்தியும்விடும். பிழையான அர்த்தம் இவ்வளவு அழகாகப் பொருந்துவதுதான் இதில் உள்ள சிக்கல்.

ஆனால் பாட்டிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. அந்த வாய்க்குச் சொல்லப்படுகிற உவமை இறால். சங்கத் தமிழில் 'இறவு'. இறாலைச் சட்டியில் பார்த்த எவருக்கும் அதில் கொடுமை தெரியாது, வளைவுதான் தெரியும். இங்கே 'வாய்' என்பது நாங்கள் சொண்டு என்று சொல்வது. 'கொடு' என்றால் வளைந்த. ஆக, இறால்போல வளைந்த சொண்டுள்ள பெட்டை, அவ்வளவுதான். அன்றில் என்பது அரிவாள் மூக்கன் இனத்துப் பறவை என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அந்த இனத்தில் ஒன்றுக்கு, இந்தியச் சமவெளிகளில் வாழ்கிற கருநிறப் பறவைக்கு, உச்சந்தலையில் சிவப்புத் திட்டு உண்டு. சங்கப் புலவர் பார்த்தது அதுவாகத்தான் இருக்கவேணும். எங்கட வயல்களில் மேய்கிற, வெள்ளை உடம்பும் கறுத்த தலையும் உள்ள அரிவாள் மூக்கன் அதற்குச் சொந்தக்காரன். அரிவாளும் இறாலும் ஒரே வளைவைச் சொல்கிற இரண்டு உவமைகள். எங்களைக் கேட்டால் இறால்தான் கெட்டிக்கார உவமை.

இதே அடைமொழி பறவைக்கு மட்டும் போகவில்லை. அகநானூற்றின் 36ஆவது பாட்டில் வரால் மீன் இரையோடு சேர்த்து விழுங்குகிற தூண்டில் முள்ளும் 'கொடுவாய்' உடையதுதான். கொடுவாளிலும் கொடுவாக்கத்தியிலும் அந்தப் பழைய 'கொடு' இண்டைக்கும் இருக்கிறது. கத்தி வளைந்திருப்பதால் வந்த பெயர் அது.

பிறகு எப்படி வளைவு கொடுமையானது? 'கோடுதல்' என்ற வினையில் இதற்கு விடை இருக்கிறது. வளைதல் என்பதும் நீதி தவறுதல் என்பதும் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருந்தன. நேராக நிற்கிற கோல் செங்கோல், வளைந்த கோல் கொடுங்கோல். திருக்குறள் 55ஆம் அதிகாரத்தைச் செங்கோன்மைக்கும் 56ஆம் அதிகாரத்தைக் கொடுங்கோன்மைக்கும் கொடுத்திருக்கிறது. சங்க காலத்திலும் 'கொடுமை' தீமையைக் குறித்தது. இரண்டு அர்த்தமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. போகப்போக ஒன்று மற்றதை விழுங்கிவிட்டது. குறுந்தொகை 141இல் வருகிற கிளிக்கு அந்தக் கதி நேரவில்லை. அதன் அடைமொழி 'வளைவாய்'. கிட்டத்தட்ட ஒரே பொருள்தான், ஆனால் 'வளை' யாரிடமும் கெட்ட பெயர் வாங்கவில்லை. கிளி தப்பியது, அன்றில் மாட்டுப்பட்டது.

பறவையோடு நிண்டிருந்தால் பரவாயில்லை. பேச்சுக்கும் இந்த அடைமொழி வந்து சேர்ந்தது. செந்தமிழ் நிலத்தைச் சூழ இருந்த பன்னிரண்டு நாட்டுத் தமிழைப் பிற்கால உரைகாரர்கள் 'கொடுந்தமிழ்' என்றார்கள். கோலுக்குச் சொன்ன அதே நேர், வளைவுக் கணக்குத்தான். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அந்தப் பெயரை மக்கள் பேசுகிற தமிழுக்கு வைத்து, அதுக்கென்று இலத்தீனில் தனியாக ஒரு இலக்கணமே எழுதினார். அது தரங்கம்பாடியில் அச்சானது. பேசுகிற தமிழுக்கும் இலக்கணம் உண்டு என்று நினைத்த அந்த மனிசனும் பெயரை மட்டும் மாற்றவில்லை. 'எண்டு', 'நிண்டு' எண்டு எழுதுகிற எங்கட தமிழும் அந்தக் கணக்கில் கொடுந்தமிழ்தான். அன்றிலின் சொண்டு எந்த அர்த்தத்தில் கொடுவாயோ, அந்த அர்த்தத்தில் எண்டால் எங்களுக்குச் சம்மதம்.