மூன்று கால்களும் ஆறு கேள்விகளும்

வால்வு வானொலிகளின் காலத்தில் ஓர் உறுப்பு உயிருடன் இருக்கிறதா என்று அறியக் கண்ணே போதுமானதாக இருந்தது. பெட்டியின் பின்பலகையைக் கழற்றிவிட்டு, அறை விளக்கை அணைத்துப் பார்த்தால், கண்ணாடிக் குமிழ்களுக்குள் இழைகள் செம்மஞ்சளாகக் கனன்றுகொண்டிருக்கும். கனலாத குமிழ் செத்த குமிழ். கனல்வதெல்லாம் நல்ல குமிழ் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் தொடங்குவதற்கு ஓர் இடம் இருந்தது. அமெரிக்காவில் 1950களில் மருந்துக்கடைகளிலேயே வால்வு சோதிக்கும் பெட்டிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். வீட்டு வானொலியின் குமிழ்களைக் கழற்றி எடுத்து வந்து, பொருத்தமான குழியில் செருகி, முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, கெட்டதற்கு மாற்றை அங்கேயே வாங்கிச் செல்லலாம்.

டிரான்சிஸ்டர் அந்த வெளிச்சத்தை அணைத்துவிட்டது. 1947 டிசம்பரில் நியூ ஜெர்சியின் பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டனும் ஒரு ஜெர்மானியத் துண்டின்மீது, பொற்தகடு ஒட்டப்பட்டுப் பிளேடால் கீறப்பட்ட ஒரு முக்கோணப் பிளாஸ்டிக்கை அழுத்திப் பிடித்துப் பேச்சொலியைப் பெருக்கிக் காட்டினார்கள். அதற்குப் பெயர் வைப்பதற்காக 1948 மே மாதம் ஆய்வகத்துக்குள் ஒரு வாக்குச்சீட்டே சுற்றுக்கு விடப்பட்டது. 'அயோட்டட்ரான்' உள்ளிட்ட ஆறு பெயர்களில் வென்றது ஜான் பியர்ஸ் முன்மொழிந்த 'டிரான்சிஸ்டர்'. பியர்ஸ் பொறியாளர் மட்டுமல்லர், ஜே. ஜே. கப்ளிங் என்ற புனைபெயரில் அறிவியல் புனைகதை இதழ்களில் எழுதியவர். இலக்கிய வாசகர்களாகிய நாம் இந்தச் சிறு தகவலில் கொஞ்சம் மகிழ்ந்துகொள்ளலாம். அவர் சூட்டிய பெயர் தமிழ்நாட்டில் வேறொரு வாழ்வும் வாழ்ந்தது: நம் வீடுகளில் 'டிரான்சிஸ்டர்' என்றால் உள்ளிருக்கும் உறுப்பன்று, தோளில் மாட்டிக்கொண்டு போன வானொலிப் பெட்டியே. உறுப்பின் பெயர் முழு உடலுக்கும் ஆகிவந்தது.

பெயர் சூட்டியாயிற்று. ஆனால் இந்தப் புதிய உறுப்பு கனல்வதில்லை, சுடுவதில்லை, முனகுவதில்லை. நல்லதும் செத்ததும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். போதாததற்கு, ஒரே நாளில் ஒரே கையால் செய்யப்பட்ட இரண்டு டிரான்சிஸ்டர்கள்கூட ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. ஒன்று மின்னோட்டத்தை முப்பது மடங்கு பெருக்கும். அதே தட்டில் கிடந்த மற்றொன்று நூறு மடங்கு பெருக்கும். ஆகவே தொழிற்சாலைகள் முதலில் செய்துவிட்டு, பிறகு அளந்து, அளவுக்கேற்பப் பெயர் எண்களை அச்சிட்டன. அளப்பதன் வழியாகவே ஒரு டிரான்சிஸ்டர் இன்னது என்று ஆயிற்று. சோதிப்பான் இந்த வரலாற்றில் பின்னால் வந்து சேர்ந்த துணைக்கருவி அன்று என்பதே நம் எண்ணம்.

பழுதுபார்ப்பவரின் கையில் தொழிற்சாலையின் கருவிகள் இல்லை. அவரிடம் இருந்தது மல்டிமீட்டர். பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் பொறியாளரான டொனால்ட் மெக்காடி, தொலைபேசிக் கம்பிகளைச் சரிபார்க்கத் தனித்தனிக் கருவிகளைச் சுமந்து சலித்து, ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கி 1923இல் வெளிக்கொணர்ந்த 'ஏவோ' மீட்டர் அந்தக் குலத்தின் மூதாய். அதன் எட்டாம் மாதிரி 1951இல் வந்தது. 2008 வரையிலும் உற்பத்தியில் இருந்தது. டிரான்சிஸ்டரை இரண்டு டையோடுகள் முதுகோடு முதுகு ஒட்டியதாக எண்ணிக்கொண்டு, அடிவாயிலிருந்து உமிழ்ப்பானுக்கும் அடிவாயிலிருந்து ஏற்பானுக்கும் ஒரு திசையில் மட்டும் மின்சாரம் செல்கிறதா என்று பார்ப்பதே எங்கும் பரவிய முறை. (அடிவாய், உமிழ்ப்பான், ஏற்பான் என்பன பாடநூல் சொற்கள், கடைத்தெருவில் பேஸ், எமிட்டர், கலெக்டர்தான்.) இதில் இரண்டு கண்ணிகள் இருந்தன. முள் மீட்டர்களில் மின்தடையை அளக்கும்போது பெரும்பாலும் சிவப்புக் கம்பியில் எதிர்முனையும் கறுப்புக் கம்பியில் நேர்முனையும் இருக்கும். இதை அறியாதவர் என்பிஎன்னைப் பிஎன்பி என்று எழுதிவைப்பார். இரண்டாவது, எட்டாம் மாதிரி ஏவோவின் உயர் மின்தடை வரம்பில் 15 வோல்ட் மின்கலம் ஒன்று உண்டு. சிறு டிரான்சிஸ்டர்கள் பலவற்றின் உமிழ்ப்பான் சந்தி பின்திசையில் ஐந்தாறு வோல்ட்டுக்கு மேல் தாங்காது. மருத்துவரே நோயாளியைக் கொல்லும் சாத்தியம் அங்கிருந்தது.

தவிரவும், இரண்டு சந்திகளும் நலமாக இருப்பது வேறு, டிரான்சிஸ்டர் நலமாக இருப்பது வேறு. இரண்டு டையோடுகளை ஒட்டவைத்தால் டிரான்சிஸ்டர் ஆகிவிடாது. பெருக்கம் எவ்வளவு, அடிவாய்க்கு ஒன்றும் கொடுக்காதபோதும் கசிந்துகொண்டிருப்பது எவ்வளவு என்பவை மீட்டரின் முள்ளுக்கு எட்டாத கேள்விகள்.

கசிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இன்று எங்கும் இருப்பது சிலிக்கான். ஆனால் முதல் பதினைந்து ஆண்டுகள் ஏறத்தாழ ஜெர்மானியத்தின் ஆட்சி. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1962இல் தொடங்கியதும் ஜெர்மானியக் குறைகடத்திகளில்தான். ஜெர்மானியத்தின் கசிவு, வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ஏறத்தாழ இரட்டிக்கும். 25 டிகிரியில் அளந்த கசிவு நம் சித்திரை வெயிலில் 45 டிகிரியில் நான்கு மடங்காகும். எளிய சோதிப்பான் இந்தக் கசிவையும் பெருக்கத்தின் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. ஓர் எடுத்துக்காட்டு: அடிவாயில் 4 மைக்ரோ ஆம்பியர் கொடுக்கிறோம், மெய்யான பெருக்கம் 70, ஏற்பானில் 280 வரவேண்டும். ஆனால் 200 மைக்ரோ ஆம்பியர் கசிவு சும்மாவே ஓடிக்கொண்டிருந்தால் கருவி காண்பது 480. நான்கால் வகுத்து, பெருக்கம் 120 என்று அறிவித்துவிடும். ஓட்டைப் பானையைக் கொடைவள்ளல் என்பது போன்றது இது.

இது பழங்கதையும் அன்று. 1966இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட 'ஃபஸ் ஃபேஸ்' என்னும் வட்டமான கிதார் மிதிப்பெட்டிக்குள் இரண்டே ஜெர்மானிய டிரான்சிஸ்டர்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பயன்படுத்திப் புகழ்பெற்ற அந்தக் கரகரப்பை மீண்டும் உண்டாக்க விரும்புவோர் இன்றும் பழைய இருப்புகளைத் தேடி வாங்குகிறார்கள். ஒரே எண் பொறித்த இரண்டு பெட்டிகளில் ஒன்று பாடும், மற்றொன்று தும்மும். காரணம் பெருக்கமும் கசிவுமே. அடிவாயைத் துண்டித்துவிட்டு முதலில் கசிவை மட்டும் அளந்து, பிறகு மொத்தத்தில் அதைக் கழித்துப் பெருக்கத்தைக் காண்பது அவர்களிடையே வழக்கமாகிவிட்ட முறை. விரலால் தொட்ட டிரான்சிஸ்டரின் அளவு விரலின் சூட்டால் மாறும் என்பதையும் அவர்கள் அறிவார்கள்.

ஜெர்மானியத்தின் இன்னொரு கொடுமை வெள்ளீய மீசை. மல்லார்டு நிறுவனத்தின் ஏஎஃப்114 முதல் ஏஎஃப்117 வரையிலான டிரான்சிஸ்டர்கள் 1960களின் ஐரோப்பிய வானொலிகளில் நிறைந்திருந்தன. அவற்றின் உலோகக் கூட்டின் உட்சுவரிலிருந்து, தலைமுடியை விட மிக மெல்லிய வெள்ளீய இழைகள் தாமாகவே முளைத்து, பல ஆண்டுகளில் நீண்டு, உள்ளிருக்கும் கால்களைத் தொட்டுவிடுகின்றன. ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் உறையிலேயே கிடந்தவையும் தப்புவதில்லை. சோதிப்பான் 'குறுக்குச்சுற்று' என்று தீர்ப்பெழுதும். டிரான்சிஸ்டரோ உள்ளே பழுதின்றி இருக்கும். கூட்டோடு இணைந்த நான்காவது காலை வெட்டிவிட்டால் பல வானொலிகள் மீண்டும் பாடத் தொடங்குகின்றன. கருவியின் தீர்ப்பை அப்படியே நம்பிக் குப்பையில் எறிந்தவர்கள் இழந்தது கொஞ்சமல்ல.

இனி, இன்றைய கைப்பெட்டிக்கு வருவோம். 2009இல் ஜெர்மானிய மின்னணு ஆர்வலர்களின் இணையதளமொன்றில் மார்குஸ் ஃப்ரெயெக் என்பவர் ஒரு சோதிப்பானின் மின்சுற்றையும் நிரலையும் வெளியிட்டார். (தனிமத்தின் பெயரும் நாட்டின் பெயரும் இங்கே ஒன்றாய்ச் சேர்ந்தது தற்செயல், இந்தக் கருவி சிலிக்கான் யுகத்தின் குழந்தை.) உள்ளே இருப்பது ஏவிஆர் வகை நுண்கட்டுப்படுத்தி ஒன்று, 8 கிலோபைட் நினைவகம், இரண்டு வரித் திரை, 9 வோல்ட் மின்கலம், மூன்று கம்பிகள். ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு மின்தடைகள்: ஒன்று 680 ஓம், மற்றொன்று 4,70,000 ஓம். ஆகமொத்தம் ஆறு மின்தடைகள். இவ்வளவுதான் அதன் சொத்து.

இந்த எளிமையில்தான் அழகு. எந்தக் கால் எதுவென்று கருவிக்குச் சொல்லவேண்டியதில்லை. மூன்று கால்களை மூன்று கம்பிகளில் வைக்க ஆறு வழிகள் உண்டு. கருவி ஆறையும் கேட்டுப் பார்க்கிறது: ஒரு காலைத் தரையோடு இணைக்கிறது, ஒன்றை 680 ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுக்கிறது, மூன்றாவதைப் பெரிய மின்தடையால் மெல்லத் தொட்டுப் பார்க்கிறது. தொட்டதும் இன்னொரு காலில் மின்னோட்டம் எழுந்தால் அது டிரான்சிஸ்டர். எந்தப் பக்கம் தொட்டபோது எழுந்தது என்பதிலிருந்து என்பிஎன்னா பிஎன்பியா என்பதும், எந்த அமைப்பில் பெருக்கம் மிகுதி என்பதிலிருந்து உமிழ்ப்பான் எது ஏற்பான் எது என்பதும் தெரிந்துவிடும். பிறகு பெயரையும் கால்களையும் பெருக்கத்தையும் திரையில் எழுதிவிட்டுச் சற்று நேரத்தில் தன் மின்சாரத்தைத் தானே துண்டித்துக்கொள்கிறது. மின்கலத்தைக் காக்கும் இந்தத் தற்துறவு நமக்கு மிகவும் பிடித்தமான அம்சம்.

ஃப்ரெயெக் நிறுத்திய இடத்திலிருந்து கார்ல்-ஹைன்ஸ் கூப்லர் தொடர்ந்தார். மின்தேக்கி, மின்சுருள், அளவைத் திருத்திக்கொள்ளும் முறை, பிந்தைய பதிப்புகளில் கசிவு மின்னோட்டம் என்று கருவி வளர்ந்தது. அதனோடு அவர் எழுதிய விளக்கநூல் நூறு பக்கங்களைத் தாண்டியது. ஒவ்வொரு அளவும் எப்படிப் பெறப்படுகிறது, எங்கே பிழை நுழையும் என்று வரைபடங்களோடு ஒளிவின்றி விளக்கும் நூல். அதன் தலைப்பு தமிழில் 'ஏவிஆர் நுண்கட்டுப்படுத்தி கொண்ட டிரான்சிஸ்டர் சோதிப்பான், இன்னும் சற்றுக் கூடுதலாக' என்று வரும். அடக்கத்தின் இலக்கணமாக அந்தக் கடைசிச் சொற்களைக் கொள்ளலாம்.

2010களில் சீனத் தொழிற்கூடங்கள் இந்த வடிவமைப்பை எடுத்துக்கொண்டன. டி4, ஜிஎம்328, டிசி1 என்ற பெயர்களில் இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு பெட்டிகள் எல்லாம் இதன் வழித்தோன்றல்களே. சென்னை ரிச்சி தெருவில் பழுதுபார்க்கும் இளைஞருக்கும் எட்டும் விலையில் இது வந்தது அந்த நகல்களால்தான். அதை மறுப்பது நன்றியின்மை. ஆனால் மலிவான பெட்டிகள் பலவற்றில் ஆக்கியோர் பெயர் இல்லை. அந்த நூறு பக்க நூலும் உடன் வருவதில்லை. பாயிரம் கிழிந்த ஏடு போலக் கருவி கைக்கு வருகிறது. எண் மட்டும் தெரிகிறது. அந்த எண் எந்த நிபந்தனையில் உண்மை என்பது தெரிவதில்லை. நமக்கு உறுத்துவது இதுவே.

நிபந்தனைகள் இவை. 5 வோல்ட்டை 680 ஓமால் வகுத்தால் ஏழு மில்லி ஆம்பியர்; அதற்கு மேல் இந்தக் கருவியால் செலுத்த முடியாது. இந்தியக் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலம் பழகிய எஸ்எல்100 போன்றவற்றுக்கு அது போதும். 15 ஆம்பியர் வரை தாங்கவேண்டிய 2என்3055க்குப் போதாது. அந்தப் பெயரில் உள்ளே சிறு சில்லை வைத்து விற்கப்படும் போலிகள் உண்டு. கருவி அசலையும் போலியையும் 'என்பிஎன்' என்றே வாழ்த்தும். திறப்பதற்கு 5 வோல்ட்டுக்கு மேல் கேட்கும் திறன் டிரான்சிஸ்டர்களும், தூண்டுவதற்கு மிகுந்த மின்னோட்டம் கேட்கும் தைரிஸ்டர்களும் அடையாளம் காணப்படாமல் போகலாம். அதனால் அவை கெட்டவை என்றாகாது. உள்ளேயே மின்தடையும் டையோடும் கொண்ட டார்லிங்டன் வகைகளுக்குக் கருவி சொல்லும் பெருக்கத்தைப் பொருட்படுத்தவே வேண்டாம். சோதிக்கும் உறுப்பைப் பலகையிலிருந்து கழற்றித்தான் செருகவேண்டும். சுற்றிலுமுள்ள உறுப்புகளும் சேர்ந்து பதில் சொன்னால் கருவி குழம்பும்.

பராமரிப்பு என்பது பெரும்பாலும் ஒரே ஒரு கொலையைத் தவிர்ப்பதுதான். மின்னேற்றம் மிச்சமிருக்கும் மின்தேக்கியைச் செருகுவது, நுண்கட்டுப்படுத்தியின் கால்களில் நேராகக் கொதிநீர் ஊற்றுவதற்குச் சமம். கால்களுக்கும் சில்லுக்கும் இடையே தடுப்பு ஏதுமில்லை. அளவின் துல்லியத்துக்காகக் கொடுத்த விலை அது. ஆகவே மின்தேக்கியை முதலில் ஒரு மின்தடை வழியாக வெறுமையாக்கவேண்டும், பிறகே செருகவேண்டும். 9 வோல்ட் மின்கலத்தை நெடுநாள் உள்ளே விட்டுவைத்தால் கசிந்து தகடுகளை அரிக்கும். லித்தியம் மின்கலம் உள்ள டிசி1 வகையை முற்றிலும் வற்றவிடாமல் அவ்வப்போது ஏற்றி வைக்கவேண்டும். செருகுகுழியின் நெம்புகோலைத் தூக்காமல் கால்களைத் திணித்தால் உள்ளிருக்கும் பிடிகள் தளர்ந்துவிடும். பழைய டிரான்சிஸ்டர்களின் கறுத்த கால்களை முதலில் சுரண்டித் துடைத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

கருவி தன்னைத் தானே அளந்துகொள்ளவும் வழி உண்டு. மூன்று கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பொத்தானை அழுத்தினால், தன் கம்பிகளின் மின்தடையையும் தேக்கத்தையும் கணக்கிட்டு, இனிவரும் அளவுகளிலிருந்து கழிப்பதற்காக நினைவில் வைத்துக்கொள்ளும். இடையில் கம்பிகளைப் பிரிக்கச் சொல்லும், சில பதிப்புகள் ஒரு மின்தேக்கியையும் கேட்கும். கம்பிகளை மாற்றும்போதெல்லாம் இதைச் செய்யவேண்டும். ஜெர்மானியம் அளப்பவர்களுக்கு மேலும் ஒன்று: டிரான்சிஸ்டரைச் செருகிய கையை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருந்து, மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்தினால் பெருக்கம் படிப்படியாக இறங்கி ஓரிடத்தில் நிற்கும். நின்ற எண்ணையும், கசிவையும், அன்றைய அறையின் வெப்பத்தையும் உறையின்மேல் பென்சிலால் குறித்துவைத்தால் போதும்.